அப்பா தூக்கிப் பார்க்க இரண்டு இரும்பு

விமான நிலையத்தில் சுங்க அதிகாரிகளிடம் பிடிபடுகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. கடத்துகிறவர்கள் ஒரு ரகம். அவர்களைப் பார்த்தால் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்புகிறவர்கள் மாதிரி சாந்தமாக இருப்பார்கள். இன்னொரு ரகம் மடையர்கள். நான் இரண்டாவது ரகம். இதைச் சொல்ல இப்போது எனக்கு வெட்கமில்லை. இருந்த வெட்கமெல்லாம் அந்த ஒரே நாளில் தீர்ந்துவிட்டது.

சொந்த ஊர் அஞ்சுகிராமம். வேலை டெக்சாஸில். அங்கேயே நிரந்தரமாகத் தங்கும் உரிமையும் வாங்கியிருந்தேன். (கல்யாணமாகி, முறிந்து, தனியாக இருந்த காலம். அந்தக் கதை வேறு. அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.) சனிக்கிழமை ஆனால் வீட்டுக்குள் இருக்க முடியாது. அலுவலகத்து நண்பன் ஒருவன் இரக்கப்பட்டுத் துப்பாக்கி சுடும் மைதானத்துக்குக் கூட்டிப் போனான். காகிதத்தில் வட்டம் வரைந்து தொங்கவிட்டிருப்பார்கள், அதில் ஓட்டை போடவேண்டும். எனக்கு வட்டத்தில் விழுந்ததைவிட வெளியே விழுந்தது அதிகம். ஆனாலும் பிடித்துப்போனது.

அந்த ஊரில் இதில் இறங்குகிறவர்கள் கொஞ்ச நாளில் சொந்தமாக ஒரு துப்பாக்கி சேர்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அங்கே சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. கல்யாணத்துக்குச் சீர் சாமான் சேர்ப்பதுபோல ஒவ்வொன்றாக வாங்கிப் பொருத்துவது. நானும் ஆரம்பித்தேன். செய்தி ஊருக்குப் போனதும் அக்கா போன் செய்தாள்.

"யாரைலே சுடப் போறே?"

"யாரையும் இல்லக்கா. காகிதத்தை."

"காகிதம் ஒன்னை என்ன செஞ்சுது?"



சாமான் சேர்த்துக்கொண்டே வந்தவன் போல்ட் கேரியர் என்கிற இடத்தில் வந்து நின்றுவிட்டேன். துப்பாக்கியின் வயிற்றுக்குள் முன்னும் பின்னும் ஓடுகிற எஃகுத் துண்டு அது. ஒரு தடவை சுட்டதும் பின்னால் ஓடி வெறும் தோட்டாக் கூட்டை வெளியே தள்ளும், திரும்பி வரும்போது அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றும். அதில் இரண்டு வகை. ஒன்று லைட்வெயிட். உடம்பைக் குடைந்து கனம் குறைத்தது. ஓட்டம் துரிதம், தோளில் உதறல் குறைவு, ஆனால் உள்ளே கொஞ்சம் அழுக்குச் சேர்ந்தால் பாதியில் நின்றுகொள்ளும். மற்றது ஸ்டாண்டர்ட். கனமானது. உதறும், ஆனால் அழுக்கு இருந்தாலும் தன் பாட்டுக்கு ஓடும். இணையத்தில் இதற்காக ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு திரிகிறவர்கள் ஏராளம். வேலை வெட்டி இல்லாதவர்கள் என்று நினைத்தேன். கொஞ்ச நாளில் நானும் திட்ட ஆரம்பித்தேன்.

இனி அப்பா.

அப்பா அஞ்சுகிராமத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். வயதானபிறகு கடையை அத்தான், அதாவது அக்காவின் கணவர், பார்த்துக்கொண்டார். அப்பா, அத்தான் கடையைப் பார்த்துக்கொள்கிறாரா என்று பார்த்துக்கொண்டார். எனக்கும் அப்பாவுக்கும் சண்டை சச்சரவு எதுவும் இல்லை. பேச்சும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்வேன். "சாப்பிட்டியா?" என்பார். "சாப்பிட்டேன்ப்பா, நீங்க?" என்பேன். "ம்" என்பார். "மழை உண்டா?" என்று நான் கேட்பேன். "இந்தா, அம்மாட்ட பேசு" என்று போனைக் கொடுத்துவிடுவார். அம்மா போனபிறகு போனைக் கொடுக்க ஆளில்லை. கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு ஆண்கள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருப்போம். யார் முதலில் வைப்பது என்று தெரியாது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறு எதுவும் கிடைக்காமல், போல்ட் கேரியர் பற்றிச் சொல்லிவைத்தேன்.  தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"ரெண்டுக்கும் கனம் எவ்வளவு வித்தியாசம்?" என்றார்.

அன்றைக்கு அரைமணி நேரத்துக்கு மேல் பேசினோம். நான் பிறந்ததிலிருந்து நடந்திராத காரியம்.

அடுத்த வாரம் போனை எடுத்ததும், சாப்பிட்டியா என்றுகூடக் கேட்கவில்லை. "மக்கா, கனம் கொறஞ்சதை எடு. ஒனக்குச் சின்னதுலயே தோளு பலம் கெடையாது" என்றார். அதற்கு அடுத்த வாரம் கட்சி மாறிவிட்டார்.

"எதுத்த வீட்டு சுபேதாரிட்ட கேட்டேன். கனத்ததைத்தான் எடுக்கச் சொல்லுகாரு. பாதியில நின்னுபோச்சுன்னா எதிராளி சும்மா இருப்பானான்னு கேக்காரு."

"எனக்கு எதிராளி கெடையாதுப்பா. காகிதம்தான்."

"அதைச் சொன்னேன். அப்போ எதுக்கு இவ்வளவு யோசனைன்னு கேட்டுட்டாரு. அந்த மனுசனுக்கு விவரம் பத்தாது."

இப்படியே மாதங்கள் போயின. நான் படம் அனுப்புவேன். அவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, குடைந்த இடத்தில் துரு பிடிக்காதா, எண்ணெய் யார் போடுவது என்றெல்லாம் சந்தேகம் கேட்பார். ஒரு வாரம் லைட்வெயிட், மறுவாரம் ஸ்டாண்டர்ட். அக்கா தனியாக எனக்குப் போன் செய்து அழாத குறை. "ஏலே, எதையாவது ஒண்ணை எடுத்துத் தொலையேன். சோறு திங்க விடமாட்டேங்காரு. ஒங்க அத்தான் கடையில வெங்காயம் நிறுக்கும்போது வந்து நின்னுக்கிட்டு, நீரு என்ன சொல்லுகீருன்னு கேக்காரு. அவருக்கு என்னத்த தெரியும்?"

உண்மை என்னவென்றால், எதை எடுப்பது என்று எனக்கு முதல் மாதமே தெரியும். என்னைப் போன்ற கற்றுக்குட்டிக்கு ஸ்டாண்டர்ட்தான் சரி என்று விற்கிற ஆளே சொல்லிவிட்டான். வாங்கி மேசை மேல் வைத்தும் விட்டேன். ஆனால் அதை அப்பாவிடம் சொல்லிவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எதைப் பேசுவது? அதனால் லைட்வெயிட்டும் ஒன்று வாங்கினேன். இனி எதை மாட்டுவது என்று பேசலாம் அல்லவா! மேசை மேல் இரண்டும் கிடந்தன. துப்பாக்கி அரைகுறையாகக் கிடந்தது. அப்பா பேசிக்கொண்டிருந்தார். எனக்கு அது போதுமாக இருந்தது.

அப்புறம் அப்பாவுக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். "கெளம்பி வந்துரு. டாக்டரு தெளிவா ஒண்ணும் சொல்லமாட்டேங்காரு" என்றாள் அக்கா. அவள் குரலே சரியாக இல்லை. அன்றைக்கே டிக்கெட் எடுத்தேன். கிளம்புவதற்கு முன்னால் அப்பாவிடம் பேசினேன். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கினார்.

"எப்ப வாறே?"

"இன்னா கெளம்பிட்டேன்ப்பா."

"அந்த ரெண்டையும் கொண்டுவா. படத்துல பாத்து என்னத்த சொல்ல? கையில தூக்கிப் பாத்தா ஒரு நிமிசத்துல சொல்லிப்போடுவேன்."

அப்பா என்னிடம் கேட்டு வாங்கிய சாமான் என்று அதுவரை ஒன்று கிடையாது. வாட்ச் என்றால் இருப்பது ஓடுகிறது என்பார். சட்டை என்றால் போட ஆளில்லை என்பார். கொண்டுபோன சோப்பு, சென்ட் எல்லாவற்றையும் அக்கா பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவார். முதன்முதலாக ஒன்று கேட்டிருக்கிறார். அவர் பேச்சு நிற்பதற்குள் போய்ச் சேரவேண்டும், இரண்டையும் அவர் இரண்டு கையிலும் வைக்கவேண்டும், அவர் ஒன்றைச் சொல்லவேண்டும். அந்த விமானத்தில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் எனக்கு வேறு ஆசை இல்லை.

சட்டம்? அது துப்பாக்கி இல்லையே, இரும்புத் துண்டுதானே என்று நினைத்தேன். யாரையும் கேட்கவில்லை. (அமெரிக்காவிலிருந்து வெளியே கொண்டுபோகவும் கூடாது, இந்தியாவுக்குள் கொண்டுவரவும் கூடாது என்று பிறகு வக்கீல் சொன்னார். ஒரே பெட்டியில் இரண்டு நாட்டுச் சட்டத்தை மீறியவன் எங்கள் குடும்பத்தில் நான் ஒருவன்தான்.) ஒவ்வொன்றையும் ஒரு காலுறையில் போட்டு, அப்பாவுக்கு வாங்கிய கம்பளிச் சட்டைக்குள் பத்திரமாகச் சுற்றி வைத்தேன்.

திருவனந்தபுரத்தில் காலை வெயில் ஏறும்போது இறங்கினேன். பெட்டி வந்தது. அதன் மேல், திறந்து பார்க்கவேண்டிய பெட்டி என்று, சாக்குக்கட்டியால் பெரிதாகக் கோடு போட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் போனவரின் பெட்டியில் கோடு இல்லை. அவர் என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

அதிகாரி கம்பளிச் சட்டையை விரித்தார். காலுறையைக் கவிழ்த்தார்.

"இது எந்தா?"

தையல் மெஷின் சாமான், தண்ணீர் பம்பு சாமான் என்று எதையாவது சொல்லியிருக்கலாம். எனக்கென்னவோ அந்த நேரம் பார்த்து நேர்மை முட்டிக்கொண்டு வந்தது. "துப்பாக்கி பார்ட் சார்" என்றேன்.

அவர் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். "தோக்கோ?"

"முழுத் துப்பாக்கி இல்ல சார். உள்ளே ஓடுறது."

"எந்தினா ரெண்டெண்ணம்?"

"ஒண்ணு லைட்வெயிட், இன்னொண்ணு ஸ்டாண்டர்ட் சார்."

இதைச் சொன்னால் விட்டுவிடுவார் என்று எதிர்பார்த்தேன் பாருங்கள், என் புத்தியை எதால் அடிப்பது? உள்ளறைக்குக் கூட்டிப்போனார்கள். ஒவ்வொருவராக வந்தார்கள். வந்தவர்களெல்லாம் முதலில் பயந்து தள்ளி நின்றார்கள். பிறகு ஒருவர் தூக்கிப் பார்த்தார். அதைப் பார்த்து இன்னொருவர் தூக்கினார். எல்லோரும் என்னைக் கேட்டது ஒரே கேள்விதான், எதற்கு இரண்டு? நானும் அலுக்காமல் விளக்கினேன். கொஞ்ச நேரத்தில் அவர்களுக்குள்ளேயே வாக்குவாதம் வந்துவிட்டது. கனம் குறைந்ததுதான் நல்லது என்றார் ஒரு பெண் அதிகாரி. கனம் இல்லாவிட்டால் சாமானுக்கு ஆயுசு இருக்காது என்றார் முதலில் என்னைப் பிடித்தவர். அப்பா படுக்கையில் இருந்து சொல்லவேண்டிய தீர்ப்பை இவர்கள் நின்றுகொண்டு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்பா கேட்டிருந்தால் எல்லோரையும் வீட்டுக்குக் கூட்டி வா என்றிருப்பார்.

பெரிய அதிகாரி வந்தார். தமிழ் தெரிந்தவர். மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள்.

"யாருக்குக் கொண்டு போறீங்க?"

"அப்பாவுக்கு சார்."

"அப்பா மிலிட்டரியா?"

"பலசரக்குக் கடை."

எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "பலசரக்குக் கடைக்காரருக்கு இது எதுக்கு?"

"தூக்கிப் பார்க்க சார்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை போன், எதிர்வீட்டு சுபேதார், ஆஸ்பத்திரி, மூச்சு. சொல்லும்போதே எனக்கே பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. அவர் கடைசிவரை கேட்டார்.

"நான் நம்புறேன்" என்றார். "எனக்கும் வீட்டில அச்சன் உண்டு. ஆனா இதை எழுதாம விட எனக்கு வழியில்லை. போலீஸ் வரணும். வீட்டுக்குப் பேசிக்கோங்க."

நம்பாமல் கையை முறுக்கியிருந்தால்கூட ஆத்திரப்பட்டிருப்பேன். நம்பிவிட்டுப் பிடித்து வைத்துக்கொண்டார். அதற்கு என்ன செய்யமுடியும்? அக்காவைக் கூப்பிட்டேன்.

"எங்கலே நிக்கே? அப்பா கண்ணு தொறக்கும்போதெல்லாம் வாசலையே பாக்காரு."

"அக்கா, என்னை ஏர்போர்ட்ல பிடிச்சு வச்சிருக்காங்க. அந்த போல்ட் கேரியரைப் பாத்துட்டாங்க."



"ரெண்டுமா?" என்றாள்.

அத்தான் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பி, தெரிந்த வக்கீல் ஒருவரை ஏற்றிக்கொண்டு வந்தார். அதற்குள் என்னைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். எழுத்து, கையெழுத்து, ஜாமீன் என்று பகல் முழுக்கப் போயிற்று. அத்தான் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒரே ஒரு தடவை, மேசைமேல் வைத்திருந்த அந்த இரண்டையும் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார். இவ்வளவு காலம் தன் உயிரை வாங்கிய சாமான் இதுதானா என்று பார்க்கிற பார்வை. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி, அப்பாவுக்குப் பேச்சு நிற்கக்கூடாது, பேச்சு நிற்கக்கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். இரும்பு போனால் போகட்டும், வெறுங்கையோடாவது போய் நிற்கவேண்டும்.

சாயங்காலம் விட்டார்கள். அத்தான் காரை விரட்டினார். வழியெல்லாம் லாரி. ஒவ்வொரு லாரியையும் அவர் சபித்தார். (அத்தான் எறும்பைக்கூட வாடா போடா என்று சொல்லாதவர்.) களியக்காவிளை தாண்டினோம். அத்தானுக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது. "ம்" என்றார். திரும்பவும் "ம்" என்றார். போனை மடியில் வைத்துவிட்டு, வேகத்தைக் குறைத்து, காரை ஓரம் கட்டினார்.

எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவர் வாயால் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவரோ எதிரே ஒரு சாயாக் கடையைக் காட்டினார்.

"ஒரு சாயா குடிச்சிட்டுப் போவோம் மக்கா. நீ காலையிலேருந்து ஒண்ணும் திங்கல்ல. இனி அவசரம் இல்லை."

அந்தச் சாயாவைக் குடித்தேன். சூடாக இருந்தது. வாழ்நாளில் நான் அழுத அழுகையெல்லாம் சேர்த்தாலும் அந்தக் கடை வாசலில் அழுத அளவு வராது. வக்கீல் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஒரு வாழைக்குலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்குப் போனால் ஊரே நிற்கிறது. பாதிப்பேர் அப்பாவைப் பார்க்க வந்தவர்கள், மீதிப்பேர் என்னைப் பார்க்க வந்தவர்கள். எனக்கு முன்னாலேயே செய்தி வந்து சேர்ந்து, நன்றாகச் சாப்பிட்டுக் கொழுத்திருந்தது. ஒரு துப்பாக்கி என்றார்கள் தெருமுனையில். ஒரு பெட்டித் துப்பாக்கி என்றார்கள் வாசலில். எதிர்வீட்டு சுபேதார் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அழுது முடித்து, காதோடு கேட்டார். "எது தம்பி கடைசியில? கனத்ததுதானே?" எனக்குக் கோபம் வரவில்லை. அப்பாவோடு அதைப் பேசிய மனிதர் அவர் ஒருவர்தானே மிச்சம்.

அப்பாவின் கைகளை நேராக நீட்டி வைத்திருந்தார்கள். நான் அந்தக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்க்கத் தைரியம் வரக் கொஞ்ச நேரம் ஆனது. "அப்பா, வந்துட்டேன்ப்பா" என்று சொன்னதாக அக்கா சொல்கிறாள். எனக்கு நினைவில்லை.

மறுநாள் எடுத்தோம். முன்னால் வேட்டுப் போட்டுக்கொண்டே போனார்கள். நடுவில் ஒரு வேட்டு வெடிக்காமல் புஸ்ஸென்று போய்விட்டது. பின்னால் வந்த கூட்டத்தில் யாரோ ஒருத்தர், "மவன்ட்ட கேட்டு ஒண்ணை வாங்குங்கலே, அவன் பெட்டியில இருக்கும்" என்றார். தீச்சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, வேட்டி ஈரம் சொட்டச் சொட்ட, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், தோள் குலுங்கியது. தேம்பி அழுகிறான் என்று ஒரு பெரியவர் என் முதுகைத் தடவிக்கொடுத்தார். அதுவும் பொய்யில்லை. அழுதுகொண்டும்தான் இருந்தேன்.

வழக்கு இழுத்து இழுத்து ஒருவழியாக முடிந்தது. அந்த இரண்டும் அரசாங்கத்துக்குப் போய்விட்டன. டெக்சாஸில் அரைகுறையாகக் கிடந்ததை நண்பனிடம் கொடுத்துவிட்டேன். மைதானத்துப் பக்கம் அப்புறம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவிடம் பேசுகிறேன். ஊருக்கு வரும்போதெல்லாம் விமான நிலைய வாசலில் அக்கா மகன் என் பெட்டியை வாங்கிக்கொண்டு, "மாமா, ரெண்டெண்ணம் உண்டா?" என்று கேட்பான். கேட்காவிட்டால் எனக்கு ஊர் வந்த மாதிரி இருக்காது.

காடாற்றுச் சடங்கு முடிந்து, ஆள்களெல்லாம் போனபிறகு, அக்கா என்னிடம் ஒன்று சொன்னாள். நான் விமான நிலையத்திலிருந்து பேசி முடித்ததும் அப்பா கண்ணால் யார் என்று கேட்டாராம். மறைக்க அவளுக்கு மனசு வரவில்லை. காதருகே குனிந்து சொல்லியிருக்கிறாள். "அப்பா, அவன் வந்து எறங்கிட்டான். அந்த ரெண்டு இரும்பையும் கொண்டுவந்து போலீஸ்ல மாட்டிக்கிட்டான்."

அப்பா மூக்கிலிருந்த ஆக்சிஜன் மூடியை விலக்கிவிட்டுச் சிரித்தாராம். நர்ஸ் ஓடிவந்து சத்தம் போட்டும் நிறுத்தவில்லையாம். "நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்ட்டி. நெசமாவே தூக்கிட்டு வந்துட்டானே மடப்பய" என்றாராம். மூடியை மறுபடி வைத்தபிறகும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே கிடந்தாராம். அப்புறம் பேசவில்லை.

வருஷா வருஷம் திவசத்தன்று, சாப்பாடு முடிந்ததும், யாராவது இதை எடுத்துவிடுவார்கள். அக்கா நடித்துக் காட்டுவாள். முதலில் தோள் மட்டும் குலுங்கும், சத்தம் இருக்காது. பிறகு தொண்டையில் ஒரு கரகரப்பு. பிறகு வாய்விட்டு. பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரிப்பார்கள். நான் அந்தச் சிரிப்பை ஒருநாளும் கேட்டதில்லை. என்னிடம் அப்பா அப்படிச் சிரித்ததே கிடையாது. அதை வைத்திருப்பவள் அக்கா ஒருத்திதான்.

போன மாதம் திவசத்தில் எல்லோரும் சிரித்து முடித்து, இலையை மடித்துக் கை கழுவப் போய்விட்டார்கள். அக்கா எழுந்திருக்கப் போனாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"இன்னொருக்க சிரியேன்க்கா."

அவள் என்னைப் பார்த்தாள். பக்கத்தில் யாருமில்லை. திரும்பவும் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்பா மாதிரி ஒரு தடவை சிரித்தாள்.